பிறப்பால் தள்ளப்பட்டவர், தமிழால் நிலைத்தவர்
(அண்டிரிக் அடிகளாரின் வாழ்வு)



நம் பங்கின் பொன்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்வை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பீடங்களில் வீற்றிருக்கும் புனிதர்களின் வரலாற்றை நீங்கள் பலமுறை படித்தும் கேட்டும் இருக்கிறீர்கள். இந்தப் பெரியாருக்கோ பீடமும் இல்லை, திருநாளும் இல்லை, சப்பரமும் இல்லை. ஆயினும் நம் ஆற்றோடும், நாம் செபிக்கும் தமிழோடும் அவருக்கு நெருங்கிய உறவு உண்டு.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம், ஏரல் என்று வயல்களுக்கும் வாழைகளுக்கும் நீர் வார்த்துச் செல்லும் தாமிரபரணித் தாய் கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். இன்று அது ஒரு கடற்கரைக் கிராமம். 400 ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறையின் தலைமை இடங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கேதான் நம் அடிகளார் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தார். போர்த்துக்கல் நாட்டில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்று பெயர் பெற்றவர், தமிழர் நாவில் அண்டிரிக் அடிகளார் ஆனார்.

தமிழில் முதன்முதல் புத்தகம் அச்சிட்டவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவார்கள். ஆனால் அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. அவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதற்காகத் தள்ளப்பட்டவர். இந்த விழா ஆண்டில் நாம் சிந்திக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குருதியில் குறை கண்ட காலம்

அடிகளார் 1520-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் யூத வழிவந்த குடும்பம். 1497-இல் போர்த்துக்கல் அரசர் மனுவேல், தம் நாட்டிலிருந்த யூதர்களைக் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெறச் செய்தார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கித் தண்ணீர் ஊற்றிய கொடுமையும் அப்போது நடந்தது. இவ்வாறு கிறிஸ்தவரானவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் புதுக் கிறிஸ்தவர் என்று அழைத்தார்கள். பெயரில் கிறிஸ்தவர் என்ற சொல் இருந்தும், புது என்ற ஒட்டுச் சொல் தலைமுறை தலைமுறையாய் அவர்களை விடவில்லை. பேரன் பிறந்தாலும் புதுக் கிறிஸ்தவன், கொள்ளுப்பேரன் பிறந்தாலும் புதுக் கிறிஸ்தவன். 1506-இல் லிஸ்பன் நகரத் தெருக்களில் இந்த மக்கள் கூட்டம் கூட்டமாக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1536-இல் விசாரணை மன்றம் ஏற்பட்டபோது அவர்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது.

அந்நாளில் இரத்தச் சுத்தம் என்று ஒரு கொள்கை ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் தலைவிரித்தாடியது. 1449-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் முதன்முதல் இது சட்டமாயிற்று. முன்னோரில் ஒருவர் யூதராகவோ மூராகவோ இருந்தால், பதவியும் இல்லை, துறவற சபையில் இடமும் இல்லை என்றார்கள். ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்று பார்க்கவில்லை. அவன் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று ஏடுகளைப் புரட்டினார்கள்.

நற்கருணை மேசையில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள், பிறகு ஒருவர் மற்றவருடைய குருதியைச் சோதித்தார்கள். நாம் நம் நாட்டில் சாதி என்று சொல்லுவதை அவர்கள் வேறு பெயரில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால், சாதி என்ற பொருளில் ஐரோப்பியர் வழங்கும் காஸ்ட் என்ற சொல்லே, போர்த்துக்கீசியர் குலத்தையும் வம்சத்தையும் குறிக்க வழங்கிய காஸ்தா என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

இளைஞரான ஹென்ரிக்கே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து அதன் உடுப்பையும் அணிந்தார். அவர் புதுக் கிறிஸ்தவக் குடும்பத்தவர் என்பது அதற்குத் தடையாயிற்று. சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. துறவற உடுப்பை ஒருமுறை உடுத்தியவன் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவது எத்தகைய வேதனை என்பதை, குருமடத்தில் பயின்ற எவரும் அறிவர். ஒழுக்கத்தில் குற்றமில்லை, கல்வியில் குறையில்லை. குற்றமெல்லாம் பிறப்பில் என்றால், அதற்கு மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யவா முடியும்?

திறந்த கதவு

அந்த நாளில் புனித இஞ்ஞாசியார் தொடங்கிய சேசு சபை இளஞ்சபை. 1540-இல்தான் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. இஞ்ஞாசியார் குருதியைப் பார்த்து ஆள் சேர்ப்பவர் அல்லர். அவருக்குப் பின் சபையின் இரண்டாம் தலைவராக விளங்கிய லாயினெஸ் அடிகளாரே யூத வழிவந்தவர். கோயிம்பிரா பல்கலைக்கழக நகரில் படித்த ஹென்ரிக்கே, 1545-இல் சேசு சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இங்கும் ஒரு முள் இருந்தது. வேறொரு சபையின் உடுப்பை அணிந்து விலகியவரைச் சேர்ப்பதில்லை என்பது சேசு சபையின் ஒழுங்கு. முதலில் பிறப்பால் வந்த தடை, அந்தத் தடையால் நேர்ந்த விலகல், அந்த விலகலால் இரண்டாவது தடை! ஒரு அநீதி எப்படிக் குட்டி போடுகிறது பாருங்கள். புனித சவேரியார் இதை அறிவார். 1549-இல் அவர் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது, அண்டிரிக்கின் நற்குணத்தையும், தமிழைப் பேசவும் எழுதவும் வல்ல திறத்தையும், ஒருவராய் நின்று பலருடைய வேலையைச் செய்வதையும் எடுத்துக்கூறி, அவருக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதும்படியும் வேண்டிக்கொண்டார். காலப்போக்கில் அந்தத் தடையும் நீங்கியது.

கடற்கரையில் ஒரு மாணவர்

1535-லிருந்து 1537-க்குள் முத்துக்குளித்துறைப் பரதவர் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துச்சலாப உரிமைக்காக நடந்த சண்டையில் போர்த்துக்கீசியரின் துணையை நாடியபோது விளைந்த மனமாற்றம் அது. 1542-இல் சவேரியார் வந்து, மணப்பாடு முதல் ஊர் ஊராக நடந்து அவர்களுக்குச் செபம் கற்பித்தார். அவர் கிழக்கே சென்றபின், 1547-இல் அண்டிரிக் அடிகளார் இக்கரைக்கு வந்தார்.

வந்த புதிதில் அவரும் மற்றவர்களைப் போலத் துபாசியை வைத்தே பிரசங்கம் செய்தார். தாம் சொல்லுவது ஒன்று, மக்கள் காதில் விழுவது வேறொன்று என்று அவருக்கு விளங்கியது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை, நோயாளியாகவே இருந்தார். இருந்தும் இரவு பகலாகத் தமிழைப் பயின்றார். ஒரு சில மாதங்களிலேயே துபாசியை அனுப்பிவிட்டுத் தாமே பேசத் தொடங்கினார். வினைச்சொற்கள் காலந்தோறும் இடந்தோறும் எப்படி மாறுகின்றன என்று இலத்தீன் இலக்கணத்தின் முறையைக் கொண்டு பட்டியல் போட்டார். அதுவே ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணமாயிற்று. அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது.

அவரோடு பணிபுரிந்த குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், போர்த்துக்கீசியம் பேசினால் தண்டனை உண்டு என்று ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். இந்நாளில் நம் பிள்ளைகள் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளை நாம் தேடிப் போகிறோம். 16-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரக் குருக்கள் தமிழ் பேசாததற்குத் தங்களையே தண்டித்துக்கொண்டார்கள்.

1549-இல் இப்பகுதியின் தலைவராயிருந்த அந்தோனி கிரிமினாலி அடிகளார், இராமேஸ்வரத்தை அடுத்த வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். அவருக்குப் பதிலாக யார் என்ற கேள்வி எழுந்தபோது, சக குருக்கள் அண்டிரிக் அடிகளாரையே தேர்ந்துகொண்டார்கள். ஒரு சபை குருதியைக் காரணம் காட்டி வெளியேற்றியவரை, தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள் தலைவராக்கினார்கள். 1576 வரை, ஏறக்குறைய 27 ஆண்டுகள் அந்தப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. மன்னார்த் தீவிலும் பணிபுரிந்தார். புன்னைக்காயலில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை அமைத்தார். பரதவ மக்களின் காணிக்கையாலேயே அது நடந்தது. ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமார் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். 1553-இல் புன்னைக்காயல் கடற்கொள்ளைக்காரரால் தாக்கப்பட்டபோது, அவரும் சிறைப்பட்டுத் துன்புற்று மீண்டார். தப்பிய பின் சொந்த நாட்டுக்குத் திரும்புவதைப் பற்றி அவர் நினைக்கவில்லை. இந்தக் கரையை விட்டால் அவருக்கு வேறு வீடு இல்லை.

நிறம் பார்த்த ஏடுகள்

அடிகளார் வாழ்ந்த கடற்கரையில் இன்னொரு வகைக் குடும்பங்களும் இருந்தன. 1510-இல் கோவாவைப் பிடித்த அல்புக்கர்க், தம் வீரர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்து குடியேறுவதை ஊக்குவித்தார். அதனால் கோவா, கொச்சி முதலிய இடங்களில் தந்தை போர்த்துக்கீசியர், தாய் இந்தியர் என்ற குடும்பங்கள் பெருகின. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன இடம்? ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர் முதல் வரிசை, இந்தியாவில் பிறந்த வெள்ளையர் இரண்டாம் வரிசை, கலப்பினத்தார் அதற்கும் கீழே, இந்நாட்டவர் கடைசியில். தாய் வீட்டுக்குப் போனால் பறங்கி, தந்தை வீட்டுக்குப் போனால் கறுப்பு என்ற நிலையில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

துறவற சபைகளிலும் இந்தக் கணக்கு நுழைந்தது. சேசு சபையின் பார்வையாளராக 1574-இல் கோவா வந்த வலிஞ்ஞானோ அடிகளார் பெரிய அறிஞர். சீனருடைய, ஜப்பானியருடைய பழக்கவழக்கங்களை மதிக்கும்படி தம் குருக்களுக்குக் கற்பித்தவர். ஆனால் அந்தப் பெரியவரே மக்களை நிறத்தின்படியும் பிறப்பின்படியும் தரம் பிரித்தார். சீனரும் ஜப்பானியரும் வெள்ளை மக்கள், ஆகவே தகுதியுள்ளவர்கள். இந்தியர் கறுத்தவர்கள், ஆகவே அவர்களையும் கலப்பினத்தாரையும் சபையில் சேர்க்கலாகாது என்பது அவர் நிலை. கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரான பேதுரு லூயிஸ் 1561-இல் சேசு சபையில் சேர்ந்து, 1575-இல் குருவானார். சேசு சபையின் முதல் இந்தியக் குரு அவரே. நம் முத்துக்குளித்துறையிலும் பணியாற்றியவர். தம்மைப் போன்ற இந்நாட்டவரைச் சபையில் சேர்க்கும்படி அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 1596-இல் அவர் இறந்தார். அதன்பின் நெடுங்காலம் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

இதே காலத்தில் பிறந்த கலப்பினப் பிள்ளைகள் இருவரைத் திருச்சபை இன்று பீடத்தில் வைத்து வணங்குகிறது. ஒருவர் புனித கொன்சாலோ கார்சியா. பம்பாயை அடுத்த வசாயில் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். பிரான்சிஸ்கன் சபைச் சகோதரராகி, 1597-இல் ஜப்பானில் நாகசாகி குன்றின்மேல் சிலுவையில் அறையுண்டு உயிர் துறந்தார். 1862-இல் புனிதர் பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் பிறந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர். மற்றவர் புனித மார்ட்டின் தெ போரஸ். 1579-இல் பெரு நாட்டு லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். பிள்ளை தாயின் நிறத்தில் பிறந்ததால், திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் பெயர்கூட எழுதப்படவில்லை. கறுப்பின வழிவந்தவர் துறவறத்தாராக முடியாது என்ற சட்டத்தால், சாமிநாதர் சபை மடத்தில் முதலில் வேலைக்காரராகவே நுழைந்தார். 1962-இல்தான் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

வெட்டி எடுத்த எழுத்து

1576-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுபட்ட அடிகளார், நூற்பணியில் முழுமூச்சாய் இறங்கினார். இதற்கு முன், 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் வெளிவந்திருந்தது. ஆனால் அது ரோமன் எழுத்தில் அச்சானது. அதை உருவாக்கியவர்கள் கடல் கடந்து சென்ற தமிழர் மூவர். அவர்கள் தாங்கியவை போர்த்துக்கீசியப் பெயர்கள். பேசியதோ நம் தமிழ்.

தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்பது அடிகளாரின் விருப்பம். கோவாவில் கொன்சால்வெஸ் என்னும் சகோதரரும், கொல்லத்தில் பாரியா என்னும் குருவும் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வெட்டி வார்த்தார்கள். செலவுக்குப் பரதவ மக்கள் பொருள் தந்தார்கள். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. 16 பக்கமே கொண்ட சிறு நூல். ஆனால் இந்திய மொழிகளிலேயே தன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1579-இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. 1586-இல் அடியார் வரலாறு என்னும் புனிதர் வாழ்க்கை நூல் அச்சாயிற்று. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய நூல் அது.

அந்த நூலில் அடிகளார் யாருடைய வாழ்க்கையை எழுதினார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். தேவதாயின் வாழ்வை எழுதினார். அவள் யூதக் குலமகள். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் முதலிய அப்போஸ்தலர்களின் வாழ்வை எழுதினார், அவர்களும் யூதர்களே. எந்தக் குருதி தமக்குக் குறை என்று சொல்லப்பட்டதோ, அதே குருதியில் வந்த நல்லோரின் கதையை, உலகின் வேறொரு மூலையில், வேறொரு நிறத்து மக்களுக்காக, அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதி வைத்தார். தம் மனக்காயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை.

இந்த நூல்கள் நெடுநாள் நம் கண்ணில் படாமல் வெளிநாட்டு நூலகங்களில் கிடந்தன. தனிநாயக அடிகள் முதலிய அறிஞர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். பாளையங்கோட்டைப் புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இராசமாணிக்கம் அடிகளார் 1960-களில் அவற்றைப் பதிப்பித்து, மீண்டும் தமிழர் கையில் கொடுத்தார். புன்னைக்காயலில் எழுதப்பட்டது, தாமிரபரணிக் கரைக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

மீண்டும் மூடிய கதவு

1593-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய சேசு சபையின் ஐந்தாம் பொதுப் பேரவை, யூத வழிவந்தவர்களையும் மூர் வழிவந்தவர்களையும் இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று சட்டம் செய்தது. இஞ்ஞாசியார் திறந்து வைத்த கதவை அவருடைய பிள்ளைகளே சாத்தினார்கள். அப்போது அண்டிரிக் அடிகளாருக்கு 73 வயது. அச்சபையின் மிகச் சிறந்த ஊழியர்களுள் ஒருவராய், நோயோடும் முதுமையோடும் புன்னைக்காயலில் இருந்தார். தம்மைப் போல ஓர் இளைஞன் இனிக் கோயிம்பிராவில் வந்து கதவைத் தட்டினால், அவனுக்கு இடமில்லை. அந்தச் சட்டம் 1608-இல் சற்றுத் தளர்த்தப்பட்டது. முற்றிலும் நீக்கப்பட்டது 1946-இல். ஏறத்தாழ 350 ஆண்டுகள்! இரண்டாம் உலகப் போரில் யூத மக்கள் இலட்சம் இலட்சமாய்க் கொல்லப்பட்ட பின்தான் அந்த வரி அழிந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இனம், நிறம், சமயம் காரணமாக எவரையும் வேற்றுமைப்படுத்துவது கிறிஸ்துவின் மனத்துக்கு மாறானது என்று அறிவித்தது.

அடிகளார் 1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். வயது 80. அவற்றில் 50 ஆண்டுகளுக்கு மேல் தமிழரோடு கழிந்தவை. உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டது. கிறிஸ்தவர் மட்டுமின்றி, சுற்று வட்டாரத்துப் பிற சமயத்தாரும் அவருக்காகத் துக்கம் காத்தனர் என்று சபையின் பழைய ஏடுகள் கூறுகின்றன. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த மக்கள் கேட்கவில்லை. தங்கள் வீட்டுப் பெரியவர் போய்விட்டார் என்று அழுதார்கள்.

நம் வீட்டுக் கண்ணாடி

அன்பர்களே, 400 ஆண்டுகளுக்கு முந்திய கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் வீடுகளைச் சற்றுப் பார்ப்போம்.

கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிறோம்; பிள்ளை சிவப்பாய்ப் பிறக்க வேண்டுமாம். பிறந்த அன்றே காது மடலைத் திருப்பி நிறம் பார்க்கிறோம். இரண்டு பெண் மக்கள் இருந்தால், மூத்தவள் அப்பா நிறம், இளையவள் அம்மா நிறம் என்று அவர்கள் காதுபடப் பேசுகிறோம். அந்த மூத்த பிள்ளை அதை ஆயுள் முழுவதும் சுமக்கிறாள். பெண் பார்க்கப் போகும்போது, ஞானோபதேசம் தெரியுமா, குணம் எப்படி என்று கேட்பதற்குள், நல்ல நிறமா என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. நிறம் குறைந்தால் பவுன் கூடுகிறது. தெய்வம் தந்த தோலுக்கு ஒரு தந்தை அபராதம் கட்டுகிறான்.

இப்போது நம் பங்குப் பிள்ளைகள் உலகெங்கும் போய் வேலை செய்கிறார்கள். சிலர் அங்கேயே வேறு இனத்தாரை மணக்கிறார்கள். மருமகள் வெள்ளைக்காரி என்றால் ஊரெல்லாம் அழைத்துக் காட்டுகிறோம். மருமகன் ஆப்பிரிக்கர் என்றால் புகைப்படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். இரண்டு திருமணமும் ஒரே பீடத்தின் முன் நடந்த ஒரே திருவருட்சாதனம் அல்லவா? விடுமுறைக்கு வரும் அந்தப் பேரப்பிள்ளைகளைக் கோவில் வாசலில் சுற்றி நின்று, இது யார் சாயல், தலைமுடி ஏன் இப்படி என்று விசாரிக்கிறோம். அவர்கள் தமிழ் தெரியாத பிள்ளைகளாயிருக்கலாம்; பார்வை என்ன சொல்கிறது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தான் பாதி அந்த நாட்டவன், பாதி இந்த நாட்டவன் என்ற எண்ணத்தை நாம் கொடுக்கக் கூடாது. அவன் இரண்டு வீட்டுக்கும் முழுப் பேரன்.

நிறத்தைவிட ஆழமான நோயும் நம்மிடம் உண்டு. இரத்தச் சுத்தம் என்ற சொல்லைக் கேட்டு நாம் போர்த்துக்கீசியரைப் பழிக்கலாம். ஆனால் நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில், ஒரே கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்ற காலம் இருந்தது. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதைத் திரும்ப வைக்கக் கோரி வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தடுப்பு திரும்ப எழவில்லை. கல்லாலான சுவரை ஒரு குரு இடிக்கலாம். பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குவதிலும், திருநாள் வரி பிரிப்பதிலும் எழும் சுவரை அவரவர் வீட்டில் அவரவரே இடிக்க வேண்டும்.

நம்மிடையே பர்னாந்து, மச்சாது, ரோச், கோமஸ் என்ற பெயர்கள் வழங்குகின்றன. அவை போர்த்துக்கீசியர் பெயர்கள். ஞானப்பெற்றோர் வழியாக வந்தவை. பெயர் அந்நாட்டது, மேனி இந்நாட்டது, நாவு தமிழ், விசுவாசம் பாலஸ்தீனத்தில் பிறந்தது. நம்மில் எவரும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவர் அல்லர். பாபநாசத்து நீரில் மணிமுத்தாறு கலக்கிறது, கடனாநதி கலக்கிறது, சிற்றாறு கலக்கிறது. புன்னைக்காயலில் கடலைத் தொடும்போது எந்தத் துளி எந்த மலையிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியுமா? அத்தனையும் சேர்ந்துதான் தாமிரபரணி.

அண்டிரிக் அடிகளாரும் தம் காலத்து மனிதரே. பிற சமயங்களைப் பற்றி அவர் காலத்தார் கொண்டிருந்த கடுமையான எண்ணங்களை அவரும் கொண்டிருந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவமானப்பட்டவர் பிறரை அவமானப்படுத்தியே ஆறுதல் தேடுவது உலக வழக்கம். அவர் அப்படிச் செய்யவில்லை. தம்மைத் தள்ளிய உலகத்துக்கு முன்னால் தம் வம்சத்தை மறைத்துக்கொண்டு உயர்ந்தவர் வேடம் போடவும் இல்லை. தம்மைவிடத் தாழ்ந்தவர்கள் என்று அந்நாள் உலகம் சொன்ன மக்களிடம் மாணவராய் உட்கார்ந்து, அவர்கள் மொழியை எழுத்துக் கூட்டிக் கற்றார். அதனாலேயே அவர் பெயர் நின்றது. அவரைத் தள்ளியவர்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பொன்விழா ஆண்டில் கோவிலுக்குப் புது வண்ணம் பூசியிருக்கிறோம், கொடிமரம் புதுப்பித்திருக்கிறோம். நல்லது. அதோடு ஒரு காரியம் செய்வோம். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், நம் வீட்டில் நிறத்தாலோ பிறப்பாலோ மனம் நொந்த பிள்ளை எவராவது உண்டா என்று எண்ணிப் பார்த்து, இருந்தால் அந்தப் பிள்ளையை அழைத்து நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுவோம். வேறு இனத்திலிருந்தோ வேறு சாதியிலிருந்தோ நம் வீட்டுக்கு வந்த மருமகளும் மருமகனும் இருந்தால், அவர்களுக்கும் அவ்வாறே. அடுத்த முறை தூத்துக்குடிக்குப் போகும்போது, பனிமய மாதாவை வணங்கிய கையோடு, அந்நகர் மண்ணில் துயிலும் அண்டிரிக் அடிகளாருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

எல்லா இனத்தையும் ஒரே மண்ணிலிருந்து வனைந்த இறைவன், நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தையும் ஒரே அன்பில் கட்டிக் காப்பாராக.

இயேசுவின் அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை